கரும்பு, வாழை, பாஸ்போர்ட்

துபாயில் நான் பார்க்கும் வேலையை ஊரில் யாருக்கும் சரியாக விளக்க முடிந்ததில்லை. 'விசா ஆபீஸ்' என்று சொல்லிவைப்பேன்; மாமாக்கள் அதோடு விட்டுவிடுவார்கள். உண்மையில் எங்கள் அலுவலகம் விற்பது விசா இல்லை, குடியுரிமை. கரீபியன் கடலில் செயின்ட் கிட்ஸ் நெவிஸ், டொமினிக்கா, ஆன்டிகுவா பார்புடா, கிரெனடா, செயின்ட் லூசியா என்று ஐந்து குட்டி நாடுகள் உண்டு. சொன்ன தொகையைக் கட்டினால் குடியுரிமை தருவார்கள். அங்கே போய்க் குடியிருக்க வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழ், போலீஸ் கிளியரன்ஸ், வங்கிக் கணக்கு, பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம் எல்லாவற்றையும் அட்டெஸ்ட் செய்து, ஒரு ஃபைலாக்கி அனுப்புவது என் பொறுப்பு. வங்கி மோசடி வழக்கில் சிக்கிய வைர வியாபாரி மெஹுல் சோக்சி ஆன்டிகுவா குடிமகன் ஆனது இந்த வழியில்தான் என்று சொன்னால் ஊரில் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் மாறிவிடுகிறது.

சேர்ந்த புதிதில் என்னைக் குடைந்த விஷயம் ஒரு ரசீது. அப்போது செயின்ட் கிட்ஸ் குடியுரிமைக்கு ஒருவருக்கு இரண்டரை லட்சம் டாலர். அந்தப் பணம் போய்ச் சேரும் கணக்கின் பெயரில் 'சர்க்கரைத் தொழில்' என்று இருந்தது. சர்க்கரைத் தொழிலுக்கு மாற்று தேடும் அறக்கட்டளை என்று பெயருக்கு அர்த்தம். பெய்ரூட்டில் கட்டடம் கட்டுபவரும் லாகோஸில் ஜெனரேட்டர் விற்பவரும் பாஸ்போர்ட்டுக்குக் கட்டும் காசு ஏன் சர்க்கரை பேரில் போகிறது? மேனேஜரிடம் கேட்டேன். "அதெல்லாம் உனக்கெதுக்கு, அக்கவுண்ட் நம்பர் சரியா இருக்கான்னு பாரு" என்றார். நம்பர் சரியாகத்தான் இருந்தது.

செயின்ட் கிட்ஸ், நெவிஸ் இரண்டு தீவுகளும் சேர்ந்து மொத்தம் 261 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஐம்பதாயிரத்தை ஒட்டி. 1624இல் ஆங்கிலேயர் கரீபியனில் முதலில் குடியேறிய தீவு செயின்ட் கிட்ஸ். அடுத்த சில பத்தாண்டுகளில் கரும்பு வந்தது. கரும்பை வெட்ட ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகும் கரும்பு போகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவின் கரையோரமாகக் குறுகிய தண்டவாளம் போட்டு, வெட்டிய கரும்பையெல்லாம் பாஸ்டெர் நகரத்தில் இருந்த ஒரே ஆலைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அரசாங்கமே நிலத்தையும் ஆலையையும் எடுத்துக்கொண்டது. 1975இலிருந்து ஐரோப்பா, தன் பழைய காலனிகளின் சர்க்கரையைச் சந்தை விலைக்கு மேலே ஒரு விலை கொடுத்து வாங்கியது. அப்படியும் செயின்ட் கிட்ஸில் ஒரு டன் சர்க்கரை உற்பத்தி செய்ய ஆன செலவு, விற்ற விலையைத் தாண்டிவிட்டது. ஐரோப்பா அந்த விலையையும் 36 சதவீதம் குறைக்க முடிவெடுத்த 2005ஆம் ஆண்டில், ஜூலை மாத அறுவடையோடு செயின்ட் கிட்ஸ் கடையை மூடியது. ஏறக்குறைய 1,500 பேருக்கு வேலை போனது. முந்நூற்றைம்பது வருடம் ஓடிய ஒரு தொழில் ஒரே பருவத்தோடு முடிந்துபோனது. கரும்பு ஏற்றிய தண்டவாளத்தில் இப்போது சுற்றுலா ரயில் ஓடுகிறது. கப்பலில் வரும் அமெரிக்கர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து, காடு பிடித்துக் கிடக்கும் கரும்புக்காட்டைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள்.

குடியுரிமைத் திட்டம் அங்கே புதிது இல்லை. சுதந்திரம் பெற்ற மறு வருடமே, 1984இல், சட்டம் வந்துவிட்டது. உலகத்தில் இந்த மாதிரித் திட்டங்களில் இதுதான் மூத்தது. ஆனால் இருபது வருடம் அது தூங்கிக்கொண்டிருந்தது. ஆலை மூடிய மறு வருடம்தான் அந்த அறக்கட்டளையை உண்டாக்கி, பாஸ்போர்ட் வாங்க வருபவர்களின் நன்கொடையை அதில் போடச் சொன்னார்கள். வேலை போன தொழிலாளிக்கு வேறு தொழில் கற்றுத்தர, பொருளாதாரத்தைக் கரும்பிலிருந்து திருப்ப என்று நோக்கம் எழுதப்பட்டது. அப்போது நாட்டின் கடன் மொத்த உற்பத்தியைப்போல ஒன்றரை மடங்கு வரை இருந்தது. பிறகு துபாய், ஷாங்காய், மாஸ்கோ என்று எங்களைப் போன்ற ஏஜென்சிகள் முளைத்தன, காசு கொட்டியது, கடன் மளமளவென்று இறங்கியது. பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) அறிக்கைகளில் ஒரு பக்கம் பாராட்டு இருக்கும், அடுத்த பக்கத்தில் 'இதையே நம்பி இருக்காதீர்கள்' என்ற எச்சரிக்கை இருக்கும். வருடாவருடம் இதே கதைதான்.

வாங்க வருபவர்கள்

இதைப் பற்றி லண்டன் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளை நான் விடாமல் படிப்பவன். தொழில் அப்படி. 'இறையாண்மையை ஏலம் விடுகிறார்கள்', 'திருடர்களுக்குப் பின்வாசல்' என்ற தினுசில் தலைப்பு இருக்கும். எங்கள் மேனேஜர் அதற்கு நேர் எதிர். 'யாருக்கும் நஷ்டமில்லாத வியாபாரம் உலகத்திலேயே இது ஒன்றுதான்' என்பார். பல வருடங்களாக இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை.

திருடர்கள் வருகிறார்களா? வருகிறார்கள், பொய் சொல்லப்போவதில்லை. 2014இல் அமெரிக்கக் கருவூலத் துறை, செயின்ட் கிட்ஸ் பாஸ்போர்ட்டைச் சிலர் தடைகளை ஏய்க்கப் பயன்படுத்துகிறார்கள் என்று எச்சரித்தது. அதே வருடம் கனடா, செயின்ட் கிட்ஸ்காரர்கள் இனி விசா எடுத்துத்தான் வர வேண்டும் என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டில் பிறந்த ஊரையே அச்சிடாமல் கொடுத்துவந்ததும் அப்போதுதான் பெரிய செய்தியானது. அவற்றைத் திரும்ப வாங்கி, ஊர் பெயர் போட்டு மறுபடி கொடுத்தார்கள். ஆனால் என் மேசைக்கு வந்த ஃபைல்களில் பெரும்பங்கு வேறு வகை. சிரியாவில் பிறந்த ஒரு பாலஸ்தீன மருத்துவர் நினைவுக்கு வருகிறார். அவர் கையில் இருந்தது பாஸ்போர்ட்டே இல்லை, அகதிகளுக்கான பயண ஆவணம். மாநாட்டுக்கு அழைப்பு வரும், விசா வராது. அப்படிப்பட்டவருக்கு இந்தச் சின்னப் புத்தகம் எவ்வளவு பெரிது என்று, வரிசையில் நிற்காத பாஸ்போர்ட்டோடு பிறந்தவர்களுக்குப் புரியாது. நம் நாட்டுக்காரர்களும் வருகிறார்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது என்பதால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, கொஞ்ச நாளில் வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வாங்கிக்கொள்கிறார்கள். இவர்களில் ஒருவர்கூட என்னிடம் அந்தத் தீவில் என்ன விளைகிறது, என்ன பேசுகிறார்கள் என்று கேட்டதில்லை. கேட்பது ஒரே கேள்வி: ஷெங்கன் விசா ஃப்ரீயா, இங்கிலாந்து விசா ஃப்ரீயா?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நின்று யோசித்தால் ஒன்று தெரியும். விற்கப்படும் சரக்கு தீவுகளுடையதே இல்லை. இங்கிலாந்துக்குள் விசா இல்லாமல் நுழையும் உரிமையைக் கொடுத்தது இங்கிலாந்து, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ். அவர்கள் நினைத்தால் ஒரு நாள் காலையில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரைக்கு நல்ல விலை தந்ததும் அவர்கள்தான், வெட்டியதும் அவர்கள்தான். விளைந்த பொருள் மாறியிருக்கிறது, விலையை முடிவுசெய்யும் ஊர் மாறவில்லை.

2017 செப்டம்பரில் இர்மா, மரியா என்று இரண்டு சூறாவளிகள் அந்தப் பக்கத்தைப் புரட்டிப்போட்டபோது நடந்ததை நான் கிட்ட இருந்து பார்த்தேன். செயின்ட் கிட்ஸ் 'சூறாவளி நிவாரண நிதி' என்று ஒன்றைத் தொடங்கி, கட்டணத்தை ஒன்றரை லட்சம் டாலராக இறக்கியது. அக்கம்பக்கத்துத் தீவுகளுக்குக் கோபம். சில வாரங்களில் ஆன்டிகுவாவும் விலையைக் குறைத்தது. டொமினிக்கா ஏற்கெனவே ஒரு லட்சத்தில் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் போனஸ் தாராளமாக வந்த வருடம் அது. அங்கே கூரை பறக்க, இங்கே தள்ளுபடி விற்பனை. ஏழைத் தீவுகள் ஒன்றுக்கொன்று விலை குறைத்து விற்கும் இந்தப் போட்டி வாழைப்பழத்திலும் சர்க்கரையிலும் எப்போதோ நடந்து முடிந்த கதைதான், ஆனால் எனக்கு அது அப்போது தெரியாது.

'எந்த ஏஜெண்ட்?'

அல் நஹ்தாவில் நான் வழக்கமாகப் போகும் டைப்பிங் சென்டர் ஒன்று இருக்கிறது. மலையாளிப் பையன் ஒருவன் அங்கே எமிரேட்ஸ் ஐடி படிவம், விசா புதுப்பிப்பு எல்லாம் அடித்துக்கொடுப்பான். 2023இன் கடைசியில் ஒரு மாலை, அங்கே என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கறுப்பினப் பெண்மணி, நாற்பதுக்கு மேல் வயதிருக்கும், தோளில் பள்ளிக்கூட அடையாள அட்டை. அவர் நீட்டிய பாஸ்போர்ட் டொமினிக்கா. அந்த அட்டையை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும், தினமும் கையாள்கிறேனே. பையன் அதைப் புரட்டிவிட்டு, பழகிய குரலில், "மேடம், இது எந்த ஏஜெண்ட் மூலமா வாங்கினது?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். அவன் இதுவரை பார்த்த டொமினிக்கா பாஸ்போர்ட் எல்லாம் வாங்கியதுதான், அவனைக் குறை சொல்ல முடியாது.

அந்த அம்மா அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "எங்க அம்மா மூலமா" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், ஆனால் அது நூறு தடவை சொல்லிப் பழகிய பதில் என்று முகத்திலேயே தெரிந்தது. பையனுக்கு மட்டும் புரியவில்லை. வெளியே வந்து பக்கத்துக் கடையில் கரக் டீ வாங்கிக்கொண்டு நின்றபோது பேச்சுக் கொடுத்தேன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் பேசுவது சரியில்லை என்று பட்டது. "ஓ, அப்போ என் வங்கிக்காரர் பயப்படுற ஆள் நீங்கதானா" என்றார். ஷார்ஜாவில் ஆசிரியை. புதிதாகக் கணக்குத் தொடங்க ஒரு வங்கிக்குப் போனபோது, பிறந்த ஊர் டொமினிக்காவின் தலைநகரான ரோஸோ என்று பாஸ்போர்ட்டில் அச்சாகியிருந்தும், இன்னொரு நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். இல்லாத பாஸ்போர்ட்டை எங்கே போய்த் தேடுவது? பள்ளிச் சான்றிதழ், தாயாரின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கொடுத்துத்தான் ஒரு வழியாகக் கணக்கு திறந்தார்களாம்.

பெரிய விஷயம் அது இல்லை என்றார். அந்த வருடம் ஜூலை 19ஆம் தேதி பிரிட்டன், டொமினிக்காக்காரர்களுக்கு விசா கட்டாயம் என்று அறிவித்தது. குடியுரிமை விற்பனையில் முறைகேடு நடப்பது தெளிவாகத் தெரிகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அவருடைய அக்கா லண்டனில் செவிலியர். ஐம்பதுகளிலிருந்தே டொமினிக்காவிலிருந்து லண்டனுக்குப் போய்க் குடியேறியவர்கள் ஏராளம். அங்கே ஒரு சொந்தமாவது இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நினைத்தபோது டிக்கெட் போட்டுப் போய்க்கொண்டிருந்தவர், இப்போது கைரேகை கொடுத்து, ஆறு மாத வங்கிக் கணக்கு காட்டி, திரும்பிப் போவேன் என்று கடிதம் எழுதி, பிறகு காத்திருக்க வேண்டும். எங்கள் மேனேஜர் சொல்லும் 'யாருக்கும் நஷ்டமில்லாத வியாபாரம்' என்ற கணக்கில் விட்டுப்போன வரி எது என்று டீக்கடை வாசலில் எனக்குத் தெரிந்தது. வாங்கியவருக்கு இது இரண்டாவது, மூன்றாவது பாஸ்போர்ட்; ஒன்று செல்லாமல் போனால் கிரெனடாவுக்கு மாறிக்கொள்வார். இவருக்கு இருப்பது இது ஒன்றுதான்.

வாழைப்பழக் காசு

அப்போ உங்களுக்கு இந்தத் திட்டத்தின் மேல் கோபம்தானே என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

டொமினிக்கா முழுக்க மலை. செயின்ட் கிட்ஸ் போலப் பெரிய தோட்டங்கள் அங்கே நிலைக்கவில்லை. சரிவில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று சொந்த நிலம் வைத்திருந்த சிறு விவசாயிகள்தான் அதிகம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வாழை வந்தது. தாருக்கு நீல பாலித்தீன் உறை போட்டு, பழம் அடிபடாமல் தலைச்சுமையாக இறக்கி, பெட்டியில் அடுக்கி, கீஸ்ட் கம்பெனிக் கப்பல் வரும் நாளில் துறைமுகத்தில் சேர்க்க வேண்டும். கப்பல் இங்கிலாந்துக்குப் போகும். அவர் சொன்னதில் என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு சாதாரண விவரம்: காசு அப்பாவின் பேரில் வந்தது. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சீட்டு, அதில் இத்தனை பெட்டி, இவ்வளவு கழிவு, இவ்வளவு பாக்கி என்று எழுதியிருக்கும். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் மளிகைக்காரர் கடன் கொடுத்தார், அக்காவின் நர்ஸிங் படிப்பு நடந்தது. அப்பா எந்த எம்.பி.யையும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு நடந்தது நம்மில் பலருக்கும் செய்தியாகத் தெரியும். பழைய காலனிகளின் வாழைக்கு ஐரோப்பா சலுகை தருவது நியாயமில்லை என்று அமெரிக்கா, ஈக்வடார், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், மெக்சிகோ சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. அமெரிக்கா ஐரோப்பாவுக்கு வாழை ஏற்றுமதி செய்யும் நாடே இல்லை. லத்தீன் அமெரிக்காவில் தோட்டம் வைத்திருந்த தன் கம்பெனிகளுக்காக வழக்காடியது. 1997இல் தீர்ப்பு ஐரோப்பாவுக்கு எதிராக வந்தது. இழுபறி ஓடி, 2009 டிசம்பரில் சமரசம் ஆனபோது சலுகையில் மிச்சம் கொஞ்சம்தான். சமவெளியில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் இயந்திரம் வைத்து நடத்தும் தோட்டத்தோடு மலைச்சரிவில் மூன்று ஏக்கர்காரர் விலையில் எப்படிப் போட்டி போடுவார்? சூப்பர்மார்க்கெட்டுகள் வேறு, பழத்தின் நீளம் இவ்வளவு, வளைவு இவ்வளவு, பண்ணையில் கழிப்பறை இருக்கிறதா என்று சான்றிதழ் மேல் சான்றிதழ் கேட்டன. அவருடைய அப்பா ஒரு சூறாவளிக்குப் பிறகு மறுபடி நடவே இல்லையாம்.

பாஸ்போர்ட் வந்தபோது வாழைக்கு நேர் எதிரான ஒன்றும் கூடவே வந்தது. இந்தக் காசு விவசாயியின் பேரில் வருவதில்லை. நேராக அரசாங்கக் கணக்குக்குப் போகிறது. அமைச்சரவை முடிவுசெய்து வீடாக, சாலையாக, வேலைத் திட்டமாகக் கீழே இறங்குகிறது. வரி கட்டும் குடிமகன் 'என் காசு எங்கே போச்சு' என்று கேட்கலாம். இங்கே வரி கட்டியவர் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், அவருக்கு அந்தக் கேள்வியே தோன்றாது. எவ்வளவு வந்தது, யாருக்கு ஒப்பந்தம் போனது என்று டொமினிக்காவில் எதிர்க்கட்சிகள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. வீடு கட்டும் ஒப்பந்தத்தில் பெரும்பகுதி துபாயிலிருந்து இயங்கும் ஒரு நிறுவனத்துக்குப் போனது. அதே நிறுவனம் பாஸ்போர்ட் விற்கும் ஏஜெண்டாகவும் இருந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது ரகசியம் ஒன்றும் இல்லை. லண்டன் கட்டுரைகள் யாருக்கு விற்கிறார்கள் என்றுதான் கேட்கின்றன. யார் கையில் காசு சேர்கிறது, அதனால் தீவுக்குள் யார் யாரிடம் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது என்ற கேள்வி அவற்றில் வருவதே இல்லை. என்னைக் கேட்டால் சர்க்கரைக்கும் வாழைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

சரி, அப்படியென்றால் இது கெட்டது என்று முடித்துவிடலாமா? அந்த ஆசிரியை என்னை அங்கே நிற்க விடவில்லை. அவருடைய அம்மாவின் தங்கை பெட்டீட் சவான் என்ற கிராமத்தில் இருந்தவர். தீவின் தென்கிழக்கு மூலையில் செங்குத்தான மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்த ஊர். பே மரம் என்று ஒன்று, அதன் இலையை விறகடுப்பில் வேகவைத்து வாசனை எண்ணெய் வடிப்பார்கள். டொமினிக்காவின் பே எண்ணெயில் கணிசமான பங்கு அந்த ஊரிலிருந்து வந்தது. 2015 ஆகஸ்ட் 27 அன்று எரிக்கா புயல் மழை. மலையே சரிந்து ஊரின் மேல் விழுந்தது, பலர் இறந்தார்கள், சாலை போனது. ஊரையே காலி செய்து, இனி அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்று அரசு அறிவித்தது. இரண்டு வருடத்தில் மரியா. 2017 செப்டம்பர் 18 இரவு பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட் தன் வீட்டுக் கூரையே போய்விட்டது என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். சேதம் நாட்டின் ஒரு வருட உற்பத்தியைப்போல 226 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். ஒரே இரவில் இரண்டேகால் வருட உழைப்பு. எந்த வங்கி இதற்குக் கடன் கொடுக்கும்? புவி சூடாவதற்கு எழுபதாயிரம் பேர் உள்ள ஒரு தீவு எவ்வளவு புகை விட்டிருக்கும்? விட்ட நாடுகள் ஐ.நா. கூட்டத்தில் அனுதாபம் தெரிவித்தன. வீடு கட்டிய காசில் ஒரு பெரிய பங்கு எங்களைப் போன்ற அலுவலகங்கள் வழியாகத்தான் போனது.

பெட்டீட் சவான்காரர்களுக்கு பெல்வியூ ஷோபின் என்ற இடத்தில் காங்கிரீட் வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள், பாஸ்போர்ட் காசில்தான். சித்திக்கும் ஒன்று கிடைத்தது. "காத்து அடிச்சா இப்போ அவங்க எழுந்துக்கறதே இல்லை, நல்லாத் தூங்குறாங்க" என்றார் ஆசிரியை. பே மரங்கள் பழைய ஊரில்தான் நிற்கின்றன. உடம்பு முடிந்தவர்கள் பஸ் பிடித்துப் போய் இலை வெட்டிவிட்டு வருகிறார்கள், சித்தியால் முடியவில்லை. வீடு இருக்கிறது, தொழில் இல்லை. லண்டன் அக்கா அனுப்பும் காசில் சாப்பிடுகிறார், அந்த அக்காவைப் பார்க்கத்தான் இப்போது குடும்பத்தில் மற்றவர்களுக்கு விசா வேண்டும். இதில் எந்தப் பக்கம் கோபப்படுவது என்று ஆசிரியை என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவருடைய இங்கிலாந்து விசா ஃபைலை நான் பார்த்துக் கொடுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். காசு வாங்கவில்லை. வங்கிக் கணக்குப் பட்டியல், பள்ளியிலிருந்து கடிதம், அக்காவின் அழைப்பு எல்லாம் வரிசைப்படுத்தினோம். விசா வந்தது, ஆறு மாதத்துக்கு. அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்து.

இனி என்ன விற்பது

அதற்குப் பிறகு சரக்கின் விலை ஏறியிருக்கிறது. 2024இல் தீவுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, இரண்டு லட்சம் டாலருக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது என்று முடிவுசெய்தன. வாழை காலத்திலேயே இந்த ஒற்றுமை வந்திருக்கலாம் என்று தோன்றும், ஆனால் அமெரிக்காவும் ஐரோப்பாவும் நெருக்கிய நெருக்கில் வந்த ஒற்றுமை இது. ஐந்து நாடுகளுக்கும் பொதுவாக ஒரு கண்காணிப்பு ஆணையம் வைக்கவும், வாங்குபவர் கொஞ்ச நாளாவது தீவில் வந்து இருக்க வேண்டும் என்று விதி போடவும் வேலை நடக்கிறது. விதி கடுமையானால் விற்பனை குறையும், செயின்ட் கிட்ஸில் ஏற்கெனவே நன்றாகவே குறைந்திருக்கிறது. டொமினிக்காவில் நம்பிக்கை தருகிற வேலை என்றால் எனக்குத் தெரிந்தது ரோஸோ பள்ளத்தாக்கில் பூமிக்கடியிலுள்ள சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம். டீசல் இறக்குமதி குறையும், அந்தச் சூட்டை பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்து யாரும் ரத்து செய்ய முடியாது. வெஸ்லி பக்கத்தில் பாஸ்போர்ட் காசில் எழும் புதிய சர்வதேச விமான நிலையத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பெரிய விமானம் வந்தால் சுற்றுலா வரும் என்கிறார்கள். வரலாம். அதற்கு முன்னால் இன்னொரு மரியா வராமல் இருக்க வேண்டும்.

2025 டிசம்பரில் அமெரிக்கா தன் பயணக் கட்டுப்பாட்டுப் பட்டியலை நீட்டியபோது அதில் ஆன்டிகுவாவும் டொமினிக்காவும் இருந்தன. காரணம், குடியிருக்காமலே குடியுரிமை கொடுக்கிறார்கள் என்பது. சுற்றுலா விசாவோடு மாணவர் விசாவும் அதில் அடக்கம். அலுவலகத்தில் அன்று போன் ஓயவில்லை. 'விலை குறையுமா' என்று இரண்டு பேர் கேட்டார்கள். மாலையில் அந்த ஆசிரியைக்கு வாட்ஸ்அப்பில் செய்தியை அனுப்பி, வீட்டில் யாருக்காவது இதனால் சிக்கலா என்று விசாரித்தேன். தம்பி மகன் அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பம் தயார் செய்து வைத்திருந்தானாம். அதை விட்டுவிட்டு வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தின் பார்படாஸ் வளாகத்துக்குப் போடச் சொல்லிவிட்டார். 2025 அக்டோபரிலிருந்து பார்படாஸ், பெலீஸ், டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட் நான்கும் ஒருவர் நாட்டில் மற்றவர் அனுமதிச் சீட்டு இல்லாமல் தங்கி வேலை பார்க்கலாம் என்று ஆக்கியிருக்கின்றன. படிப்பு முடிந்ததும் அவன் அங்கேயே வேலை தேடிக்கொள்ளலாம். நல்லதுதானே என்று எழுதினேன். அப்படியென்றால் அவனும் ஊருக்குத் திரும்பப் போவதில்லை, சித்தியை யார் பார்ப்பது என்று பதில் வந்தது.